பொன்செல்வி பறக்கவிட்டது

ட்ரோன் வாங்கப்போகிறேன் என்று பொன்செல்வி சொன்னபோது, வயலுக்கு மருந்து தெளிக்கிற பெரிய ட்ரோன் என்றுதான் மணிராஜ் நினைத்தான். வீரவநல்லூர்ப் பக்கம் அப்படி ஒன்று வாடகைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. வயிற்றில் தொட்டியோடு பறக்கும்; ஒரு ஏக்கரைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடும். நம் வீட்டிலும் ஒன்று இருந்தால் நல்லதுதானே என்று பேசாமல் இருந்துவிட்டான். கூரியர்க்காரன் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்தபோது, உள்ளே சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சாமான் கைகாலை மடக்கிக்கொண்டு கிடந்தது.

"இது எவ்வளவு மருந்து புடிக்கும்?" என்று கேட்டான்.

"மருந்தெல்லாம் புடிக்காது. காமிரா இருக்கு. மேல போயி கீழ உள்ளதப் பாக்கலாம்."

"கீழ உள்ளதப் பாக்கதுக்கு மேல எதுக்குட்டி போணும்? கீழ நின்னே பாக்கலாம்லா?"

பொன்செல்வி மடங்கிக் கிடந்த கைகாலை ஒவ்வொன்றாக விரித்தாள். நாற்பத்திரண்டு வயது. பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றுகிறாள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும், குனிந்த தலை நிமிராமல் பொழுது போய்விடும். ட்ரோன் வாங்குவதற்கு முந்தின ஆவணியில் சேரன்மகாதேவியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, படம் எடுக்க வந்த மேலப்பாளையம் அலி அஸ்கர் மண்டபத்துக்கு மேலே ட்ரோனை ஏற்றினான். எல்லோரும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் அவன் கையிலிருந்த ரிமோட் பெட்டியையே பார்த்தாள். பந்தி முடிந்த பிறகு போய்க் கேட்டாள். அவனும் சிரித்துக்கொண்டே கொடுத்தான். இரண்டு கட்டைவிரலையும் வைத்து அவள் ஆட்டின ஆட்டத்தில், ட்ரோன் தென்னைகளுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பைய வந்து தரையில் உட்கார்ந்தது.

"அக்கா, முன்னமே விட்டுருக்கியளா? வெரலு இப்படிப் பேசுதே."

"இல்ல தம்பி. பீடி சுத்துதேன்."

"அப்ப அதான்" என்றான் அலி அஸ்கர். எந்த மாதிரி வாங்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தான். "இருநூத்தம்பது கிராமுக்குள்ள உள்ளது வாங்குங்க, லைசென்ஸ் கேக்க மாட்டான். மலைப்பக்கம், அணைப்பக்கம் மட்டும் விட்டுராதிய. சந்தேகம்னா போன் போடுங்க."

தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரம் வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து சாயங்காலம் நாலரை ஆனால் தட்டை எடுத்து வைத்துவிடுவாள். வீடு ஊரின் வடக்குக் கடைசியில் இருந்தது. முற்றத்தைத் தாண்டினால் வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் வயல்கள், வயல்களுக்கு அப்பால் தாமிரபரணி. முற்றத்தில் நின்றே ஏற்றுவாள். செல்போன் திரையில் முதலில் சொந்த வீட்டு ஓடு தெரியும், பிறகு ஓட்டின்மேல் காயப்போட்ட வடகம், பிறகு தெரு. அதன்பிறகு ஒரே பச்சை. கொக்குகள் முதுகைக் காட்டிக்கொண்டு கீழே பறந்துபோகும். கொக்கின் முதுகை அதுவரை அவள் பார்த்ததே இல்லை.

ஊரில் முதல் வாரம் சலசலப்பு இருந்தது. படித்துறையில் பெண்கள் குளிக்கிற இடத்தைப் படம் பிடிக்கிறாள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பொன்செல்வி செல்போனோடு நேரே படித்துறைக்கே போனாள். உள்ள படத்தையெல்லாம் காட்டினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டே இசக்கித்தாய் எட்டிப் பார்த்தாள்.

"ஆத்தாடி, நம்ம ஆறா இது? இப்படி வளஞ்சு வளஞ்சா போகுது?"

அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. மணிராஜ் மட்டும் அடங்கவில்லை. "ஒன் வண்டு கத்துதுட்டி, சார்சு கேக்குது" என்று தினமும் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான். ஆனால் ஒருநாளும் திரையைக் குனிந்து பார்த்ததில்லை. அது அவளுக்கு ஒருவகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது.

வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருந்த வயல் பொன்செல்விக்கு அவள் அப்பா கொடுத்தது. அதை ஒட்டி வடக்கே இருந்தது அவளுடைய அண்ணன் வன்னியராஜுக்குக் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவே கிழமேலாக ஒரே ஒரு வரப்பு. கிழக்கே, வடக்கு நோக்கித் திரும்பும் வாய்க்கால் கரையில் ஒரு சர்வே கல், மேற்கே பனைமூட்டில் ஒரு சர்வே கல். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாற்றங்கால் சமயத்தில், "மாப்பிள வரப்பத் திங்காரு" என்று வன்னியராஜ் டீக்கடையில் வைத்துச் சொல்லிவிட்டான். "நான் சோறுதான் திங்கேன், மண்ணு திங்கது உம்ம வழக்கம்" என்று மணிராஜ் திருப்பினான். பேச்சு தடித்தது. நடுவில் புகுந்த பொன்செல்வியைப் பார்த்து, "நீ யாரு பக்கம்னு முடிவு பண்ணிக்கோ" என்றான் அண்ணன். அவள் புருஷன் பக்கம் நின்றாள். அத்தோடு போக்குவரத்து நின்றது. அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலம்கூட வரவில்லை. கொட்டுச் சத்தம் வீடுவரைக்கும் கேட்டது. அன்றைக்கு முழுக்க அவள் தலை நிமிராமல் பீடி சுற்றினாள்.

ட்ரோன் வாங்கிய மூன்றாம் நாள் அவள் அதைக் கொஞ்சம் உயரமாக ஏற்றினாள். இரண்டு வயலும் முழுசாகத் திரையில் வந்தன. நடுவில் வரப்பு. இரண்டு கல்லுக்கும் நடுவே நேராக ஓடவேண்டியது, பாதியில் வளைந்து அண்ணன் வயலுக்குள் போய்த் திரும்பிவந்தது. கொஞ்ச நஞ்சமல்ல, நடுவில் ஐந்தடிக்குக் குறையாது.

அந்தப் படத்தை அப்போதே அழித்துவிட்டாள். அதன்பிறகு அந்தப் பக்கம் தாழ்வாகத்தான் பறக்கவிடுவாள். தாழப் பறந்தால் வரப்பு துண்டு துண்டாகத்தான் தெரியும். துண்டு துண்டாகப் பார்த்தால் எந்த வரப்பும் நேர்தான்.

அடுத்த வருஷம் மார்கழிக் கடைசியில், மதகு திறக்கப் போன மணிராஜ் பாசியில் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டான். மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிசானப் பருவத்து நெல் கதிரில் பால் பிடிக்கிற நேரம். முற்றத்து வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொடுத்தாள். படுத்துக்கொண்டு புலம்பினான்.

"தண்ணி வந்துட்டா? வடக்கு மூலைக்கு ஏறுச்சா? மயிலு எறங்கியிருக்குமே! ஒரு எட்டு போயி பாத்துட்டு வாட்டி."

ஒரு நாளைக்கு நாலு தடவை போய்வந்தாள். பீடி பாதியில் கிடந்தது. ஐந்தாம் நாள் பொறுக்கமுடியாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ட்ரோனை ஏற்றினாள்; செல்போனை அவன் முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள். வாய்க்கால் வந்தது. மதகு வந்தது. பிறகு வயல்.

மணிராஜ் கட்டிலில் முழங்கையை ஊன்றி எழுந்துவிட்டான்.

"ஏட்டி! இது இப்ப உள்ளதா?"

"இந்த நிமிசத்துல உள்ளது."

"அங்கன பழுப்பா தெரியுதுலா, அங்கன போ. பைய, பைய... கெழக்க. பாத்தியா, அதுக்குத்தான் சொன்னேன், அந்த மூலைக்குத் தண்ணி ஏறவே இல்ல. எலி வளை இருக்கும் பாரு."

அவள் போய்ப் பார்த்தாள். எலி வளைதான். அடைத்துவிட்டு வந்தாள்.

அதன்பிறகு அவன் புலம்புவதை விட்டுவிட்டு அதிகாரம் செய்ய ஆரம்பித்தான். காலையில் காப்பிக்கு முன்னால் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. மயில் விரட்டுவதுதான் அவனுக்குப் பெரிய கொண்டாட்டம். கதிரைக் கொத்திக்கொண்டிருக்கிற மயில்களுக்குப் பின்னால் ட்ரோன் இரைந்துகொண்டே இறங்கும். அவை கழுத்தை நீட்டிக்கொண்டு, நீளத் தோகையையும் தூக்கிக்கொண்டு ஓடும். மணிராஜ் கட்டிலில் கிடந்து கைதட்டுவான். "ஓடுலே! ஓடு! உங்க அப்பன் வீட்டு நெல்லா அது!" மாவுக்கட்டுக் கால் கட்டிலில் அடித்து வலி எடுக்கும். வலியோடு சிரிப்பான். வண்டு என்று சொல்வதை விட்டுவிட்டான். "நம்ம விமானம்" என்றான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டினான். பக்கத்துத் தெரு முகம்மது மைதீன் ஆடு தேடி வந்தவர், திரையில் தன் ஆடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, நாடாவைப் போல் ஓடும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் ஒசரமா போட்டி" என்பான் மணிராஜ் அடிக்கடி. "மொத்த வயலையும் ஒண்ணாப் பாக்கணும்."

"காத்து அடிக்கி. தூக்கிட்டுப் போயிரும்" என்பாள் பொன்செல்வி.

தை இருபது வாக்கில் ஒரு சாயங்காலம். காற்றே இல்லை. நெல் பழுத்து நின்றது. ட்ரோன் வரப்போரமாகத் தாழப் பறந்துகொண்டிருந்தது. திடீரென்று திரையின் ஓரத்தில் ஒரு நிழல் அடித்துவிட்டுப் போனது.

"பருந்து!" என்று பொன்செல்வி எழுந்துவிட்டாள்.

பனையில் கூடு கட்டியிருந்த பருந்து அது. பருந்து வந்தால் கீழே இறக்கக்கூடாது, நேரே மேலே ஏற்றிவிடவேண்டும், செங்குத்தாக ஏற அதற்கு வராது என்று அலி அஸ்கர் சொல்லியிருந்தான். அவள் கட்டைவிரலை முழுக்கத் தள்ளினாள். ட்ரோன் விர்ரென்று ஏறியது. திரையில் நெற்கதிர் பயிரானது, பயிர் பாத்தியானது, பாத்தி வயலானது. இரண்டு வயலும் இரண்டு கல்லும் நடுவில் வரப்பும் முழுசாக வந்து நின்றன.

"நிப்பாட்டு" என்றான் மணிராஜ்.

"பருந்து வருதுங்க!"

"பருந்து கெடக்கட்டும். நிப்பாட்டுங்கேன்லா!"

அந்தச் சத்தத்தில் அவள் விரல் தானாக நின்றது. ட்ரோனும் நின்றது. அடுத்த நொடி படம் ஒரு குலுக்குக் குலுங்கி, வானம், வயல், வானம், வயல் என்று சுழன்று கறுத்துப்போனது.

பொன்செல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அது நம்ம வரப்பா?" என்றான் மணிராஜ்.

"ஆமா."

"வயித்துப்புள்ளக்காரி மாதிரில்லா தள்ளிக்கிட்டு நிக்கி."

அவள் கறுத்துப்போன திரையை முந்தானையால் துடைத்தாள்.

"ஒனக்கு முன்னமே தெரியுமோ?"

"வாங்குன மூணா நாளே தெரியும்."

"அதான் காத்து அடிக்கி காத்து அடிக்கின்னியா?" அவன் முகம் சிவந்தது. "ஒரு வருசமா என்னக் கோட்டிக்காரனா ஆக்கி வச்சிருக்க!"

"எப்படிச் சொல்ல?" என்றாள். "எனக்காகல்லா நீங்க எங்க அண்ணங்கிட்ட மல்லுக்கு நின்னிய. தப்பு நம்ம பக்கம்னு நானே வந்து சொல்லவா? சொன்னா மட்டும் அவன் வந்துருவானா? இருக்க ஒரு வீட்டையும் கெடுத்துக்கிடணுமா?"

மணிராஜ் வேப்பமரத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, யாரிடமோ வழக்குச் சொல்வதுபோல், "நான் புல்லத்தாம்ட்டி செதுக்குனேன்" என்றான். "வருசா வருசம் நம்ம பக்கத்துப் புல்லச் செதுக்குவேன். அவரு அந்தப்பக்கம் சேறு அள்ளிப் பூசுவாரு. புல்லோட மண்ணும் கூட வந்திருக்கு போல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் சொன்ன விதத்தில் சிரிப்பும் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ட்ரோன் அண்ணன் வயலில் விழுந்திருந்தது. எப்படிப் போய் எடுப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருமல் கேட்டது. வன்னியராஜ் நின்றான். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில். கையில் துண்டு, துண்டுக்குள் சேறு அப்பிய ட்ரோன். தங்கையைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. முருங்கைமரத்தைப் பார்த்துப் பேசினான்.

"இத எங்க வயல்ல எறக்குனது யாரு? வெளஞ்ச கதிரு சாஞ்சு கெடக்கு. தெனமும் மேல கெடந்து இரையுது. எங்க வீட்டுப் பொம்பள கொல்லையில நிக்க முடியல. நான் டேசன்ல எழுதிக் குடுக்கப்போறேன்."

"குடும்" என்றான் மணிராஜ். "குடுக்கதுக்கு முன்னால ஒரு படம் பாத்துட்டுப் போரும், மச்சான்."

மச்சான் என்ற சொல் வன்னியராஜை அசைத்துவிட்டது. முருங்கைமரத்திலிருந்து கண் இறங்கியது. மாவுக்கட்டைப் பார்த்தான்.

"என்ன படம்?"

"வாரும். வந்து உக்காரும்."

அவன் உட்காரவில்லை. கட்டிலருகே வந்து நின்றான். பொன்செல்வி செல்போனில் பதிவாகியிருந்ததை எடுத்து, அந்த இடத்தில் நிறுத்திக் கொடுத்தாள். வன்னியராஜ் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினான்.

"எழவு, ஒண்ணும் தெரியல."

"கண்ணாடி போடலியா? இந்தாரும்" என்று மணிராஜ் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான். அவன் வாங்கி மாட்டினான்.

"இது எங்க மோட்டார் ரூமுல்லா? இது வைக்கப்படப்பு... இது..." விரலை வரப்பின்மேல் வைத்து இழுத்தான். படம் சட்டென்று நகர்ந்து மறைந்தது. பதறிப்போய்க் கையை எடுத்தான்.

"தொடாதண்ணே. தொட்டா ஓடிரும்" என்றாள் பொன்செல்வி.

சொன்ன பிறகுதான், அண்ணே என்று கூப்பிட்டது இரண்டு பேருக்கும் உறைத்தது. அவள் அவசரமாகப் படத்தை மறுபடி நிறுத்திக் கொடுத்தாள். அவன் தொடாமல் பார்த்தான். கிழக்குக் கல்லிலிருந்து மேற்குக் கல் வரைக்கும் கண்ணாலேயே நடந்தான்.

"தப்பு எம்மேலதான் மச்சான்" என்றான் மணிராஜ். "நீரு சொன்னது நெசம். நான் பேசுனதுதான் அதிகம்."

வன்னியராஜ் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினான். ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது நிஜம் என்று வந்தபிறகு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை போலிருந்தது. மேலும் கீழும் பார்த்தான். "ம்" என்றான்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றான் மணிராஜ். "கெழக்க, வாய்க்கா கரையில, ஒம்ம தென்னம்புள்ள மூணு நிக்குலா. அது யாரு எடத்துல நிக்கி?"

"எந்தத் தென்ன?"

"அந்தா, கல்லுக்கு அங்கிட்டு."

வன்னியராஜ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தான். மூன்று தென்னங்கன்றுகளும் சர்வே கல்லைத் தாண்டி, சர்க்கார் வாய்க்கால் கரையில் வரிசையாகக் கொண்டை விரித்து நின்றன.

"அது... காத்துக்குச் சாஞ்சிருக்கும்."

"மூணும் ஒண்ணுபோலயா?"

பொன்செல்வியால் அடக்கமுடியவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். மணிராஜ் சிரித்தான். வன்னியராஜ் முறைத்துப் பார்த்தான், பிறகு அவன் தோளும் குலுங்க ஆரம்பித்தது. "சவத்த விடும்வே" என்று சொல்லிக்கொண்டே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் மாவுக்கட்டின்மேல் சாய்ந்துவிட, மணிராஜ் அலறினான். அதற்கும் சிரிப்பு.

சிரித்து ஓய்ந்தபின் வன்னியராஜ் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான்.

"ஏ பொன்னு, குடிக்கத் தண்ணி குடு."

அவள் உள்ளே போனாள். பானையிலிருந்து செம்பில் மொண்டாள். அவசரத்தில் தண்ணீர் பாதி சிந்தியது. மறுபடி மொண்டு கொண்டுவந்தாள். அவன் அண்ணாந்து குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள்.

மாசியில் அறுப்பு முடிந்தது. ட்ரோனுக்குப் புது இறக்கைகளை அலி அஸ்கர் மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரப்பைத் திருத்தினார்கள். இரண்டு கல்லுக்கும் நடுவே கயிறு கட்டினார்கள். அவ்வளவு நீளத்துக்குக் கயிறு தொய்ந்து அங்குமிங்கும் போயிற்று. பொன்செல்வி ட்ரோனை நேர்மேலே நிறுத்தி, திரையைப் பார்த்துக்கொண்டே சத்தம் கொடுத்தாள்.

"அண்ணே, இன்னும் ஒரு சாண் வடக்க! போதும், போதும். அங்கனயே குச்சிய அடி!"

மண்வெட்டி பிடித்தது வன்னியராஜ். கட்டுப் பிரித்திருந்தாலும் காலை ஊன்றி வெட்டக்கூடாது என்பதால், மணிராஜ் கவிழ்த்துப்போட்ட கூடையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தான்.

"தின்னது நீரு, வெட்டுகது நானா?" என்றான் வன்னியராஜ், வியர்வையை வழித்துக்கொண்டு.

"நெறைய வெட்டாதியும், எங்க பக்கம் வந்துராதியும்."

பழைய வரப்பை வெட்ட வெட்ட, வளையிலிருந்து நண்டுகள் ஓடிவந்தன. எங்கிருந்தோ கொக்குகள் வந்து வரிசையில் நின்றன. பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. அண்ணன் மனைவி முத்துராணி தலையில் பாத்திரத்தோடு வந்தாள். கூட்டாஞ்சோறு, முருங்கைக்கீரை வாசம் முன்னால் வந்தது. பாத்திரத்தை இறக்கியதும் முதல் வேலையாகப் பொன்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் மக கல்யாணத்துக்கு நீ வரலியேன்னு நான் அழாத நாளு கெடையாது, தெரியுமா?"

"கொட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன் மதினி."

முத்துராணி கையை விட்டு இலைகளை விரித்தாள். புது வரப்பு ஈரம் மினுங்க, ஒரு கோடு போல் கிழக்கிலிருந்து மேற்கே போனது. அதன்மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வடகம் போதவில்லை என்று மணிராஜ் குறைசொன்னான். வன்னியராஜ் தன் இலையிலிருந்து எடுத்துப் போட்டான்.

கையைக் கழுவிவிட்டு வந்த பொன்செல்வி, இரண்டாவது பேட்டரியை மாட்டி ட்ரோனை மறுபடியும் ஏற்றினாள். வயலைத் தாண்டி அது வடக்கே போனது.

"எங்கட்டி போகுது?" என்றான் மணிராஜ். "சோலிதான் முடிஞ்சுட்டே."

"சோலிக்கு இல்ல. சும்மாதான்."

வெயிலில் திரை கண்ணைப் பறித்தது. முத்துராணி தன் முந்தானையை விரித்து இரண்டு தலைக்கும் மேலே கூடாரம் போல் பிடித்தாள். நிழலுக்குள் ஆறு தெரிந்தது. மருதமரங்கள் இரண்டு கரையிலும் குடை விரித்திருந்தன. தண்ணீர் ஒரு பாறையைச் சுற்றி வெள்ளையாகப் பிரிந்து, கீழே ஒன்று சேர்ந்து, மறுபடி பச்சையானது. மணலில் யாரோ காயப்போட்ட சேலைகள் நான்கு, நீளநீளமாக, சிவப்பும் மஞ்சளுமாகக் கிடந்தன.

"யம்மா" என்றாள் முத்துராணி. "பைய போ பொன்னு. பைய."

"என்னத்தப் பாக்கிய?" என்று வன்னியராஜ் எழுந்து வந்தான். மணிராஜும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். இடமில்லாமல் நான்கு தலைகளும் ஒரே முந்தானைக்குள் இடித்துக்கொண்டு நுழைந்தன. பேட்டரி பாதிக்குக் கீழே வந்துவிட்டது என்று செல்போன் ஒருமுறை கூவியது.

"திருப்பட்டுமா?" என்றாள் பொன்செல்வி.

மூன்று பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். அவள் கட்டைவிரலைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள்.